விலை இறங்க இறங்க ஏறிய கோடு

உங்களை வேலைக்கு எடுத்தபோது, மக்களின் குரலை மேலே கொண்டுபோவதுதான் உங்கள் பணி என்று சொல்லியிருப்பார்கள். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். முழங்கால் விட்டுப்போகும்வரை கொண்டுபோனேன். மேலே இருந்தவர்களுக்கு ஒரு குரல்தான் தேவைப்பட்டது. இரண்டு வந்தால் அறிக்கையில் வைக்க இடமில்லை என்றார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்பா கண்டி மாநகரசபையில் சாக்கடைக் கான் துப்புரவு செய்தவர். அந்த வேலைக்கு என்னையும் சேர்த்துவிடப் பார்த்தார், நான் ஓடிவிட்டேன். கடுகண்ணாவையில் மலையேறி வரும் லொறிகளுக்கு டயர் ஒட்டினேன். கொழும்பில் மூட்டை தூக்கினேன். கட்டாரில் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்தேன். ஓர் இடத்தில் நிலைத்து நிற்க எனக்கு வராது. கடைசியில் தொண்டு நிறுவனத்தில், இன்று நீங்கள் பார்க்கும் இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம், சிங்களமும் எல்லா வகைத் தமிழும் வாயில் புரண்டதுதான். காலநிலை மாற்றம் என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது ஒரு பதாகையில். அதைக் கட்ட ஏணியில் ஏறியவன் நான். கட்டி முடித்து இறங்கி வந்தபின்தான் அது என்னவென்று கேட்டேன்.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் உங்களுக்குக் காட்டும் படங்களில் அது நல்ல கதையாக இருக்கும்.

அங்கே கடைகள் இரண்டு மட்டத்தில் இருக்கின்றன. பஸ் போகும் மேல்வீதியில் பெரிய கடைகள்: ஹார்ட்வெயார், டைல், பெயின்ட், துணி. அதற்குப் பின்னால் மகாவலி ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் சந்தில் சின்னக் கடைகள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் முதலில் சந்து நனையும். மேல்வீதி நனைவது அபூர்வம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே வர்த்தகர் சங்கம்.

வெளிநாட்டு நிதியில் எங்கள் நிறுவனம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சிறு வியாபாரிகளுக்கு வெள்ளக் காப்புறுதி. கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனி அதை விற்க ஒப்புக்கொண்டது. வழக்கமான காப்புறுதியில் ஆள் வந்து சேதத்தைப் பார்ப்பார், படம் எடுப்பார், மாதக்கணக்கில் இழுப்பார். இதில் யாரும் வந்து பார்ப்பதில்லை. மேட்டில் ஒரு பாடசாலைக் கூரையில் மழைமானி வைத்தார்கள். ஒரே நாளில் அதில் விழும் மழை குறித்த கோட்டைத் தாண்டினால், கட்டுப்பணம் செலுத்திய எல்லோருக்கும் காசு தானாக வரும். தாண்டாவிட்டால் கடை கூரைவரை மூழ்கினாலும் வராது. கோடு கீழே இருந்தால் காசு அடிக்கடி வரும், அதனால் கட்டுப்பணம் கூடுதல். கோடு மேலே இருந்தால் கட்டுப்பணம் குறைவு. இவ்வளவுதான் விஷயம். சங்கம் முழுவதும் ஒரே குழுவாகச் சேர்ந்தால்தான் கம்பனி தரும்.

சங்கத் தலைவர் ஒரு ஹாஜியார். மேல்வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். ஒரு காலத்தில் அவர் கடையில் நான் சீமெந்து இறக்கியிருக்கிறேன். பேரம் பேசுவதில் அவருக்கு நிகராக இன்னொருவரை நான் எந்த நாட்டிலும் பார்க்கவில்லை. விலை படியாவிட்டால் கதிரையை விட்டு எழுந்துவிடுவார். வாசல்வரை போவார். எதிராளி கூப்பிட்டால் திரும்பி வருவார். எப்போதும் கூப்பிட்டார்கள். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது, சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்: பேரம் நடக்கும்போது எங்கள் பக்கத்தில் ஒரு வாய்தான் திறக்க வேண்டும். இரண்டாவது வாய் திறந்தால் எதிராளி அதில் விரலை விட்டு ஆட்டுவான்.

பேச்சுவார்த்தை அவர் கடை மாடியிலேயே நடந்தது. கம்பனி அனுப்பிய இளைஞர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் வேலை. கொஞ்சம் முன்னதாகவே வந்து கீழே கவுன்டர் பக்கத்தில் என்னோடு நின்றார். அந்த நேரம் ஒருவர் உடைந்த தண்ணீர்க் குழாய் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து சத்தம் போட்டார். ஹாஜியார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வாங்கக்குள்ள எவ்வளவு கொறச்சீங்க? ஞாபகம் ஈக்கா?”

“அதுக்காக ஒரு மாசத்துல ஒடையுமா?”

“நீங்க கேட்ட வெலக்கி இதுதான் சாமான். நல்லதையும் காட்டினேன். நீங்க பாக்க இல்ல.”

அந்த இளைஞர் சிரித்துவிட்டார். ஹாஜியாரும் சிரித்தார். நாங்கள் மாடிக்குப் போனோம்.

மேல்வீதிக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சந்துக்காரர்களுக்கு அதற்குப் பின்னால், படிக்கட்டுப் பக்கம், பிளாஸ்டிக் கதிரைகள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. வந்த விதத்தில் அமைந்தது. புஷ்பம் கடைசிக் கதிரையில் இருந்தாள். சந்தின் அடியில், ஆற்றுக்கு மிகக் கிட்ட, மிளகாயும் மாவும் அரைக்கும் மில் அவளுடையது. கணவர் போனபின் இரண்டு மோட்டாரை வைத்துக்கொண்டு தனியாக நடத்தினாள். மோட்டார்களை நிலத்தோடு நிலமாக சீமெந்தில் இறுக்கியிருந்தாள். அப்படி வைக்காவிட்டால் நடுங்கும், மா கரடுமுரடாக வரும்.

இளைஞர் முதல் விலையைச் சொன்னார். ஹாஜியார் எழுந்தார்.

“வாங்க, போவோம்.”

டைல் கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். “ஹாஜியார், இது உங்கட கடை. எங்க போற?”

ஹாஜியார் கீழே இறங்கிப்போய், அடுக்கிவைத்த பிளாஸ்டிக் வாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டார். மேலே எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிளேன்டீ குடித்தோம். கடைசியில் அந்த இளைஞரே படிக்கட்டில் எட்டிப்பார்த்து, “ஐயா வாங்கோ, கதைப்பம்” என்றார். ஹாஜியார் வந்தார். விலை இறங்கியது.

“ஆனா ஒண்டு சொல்லுறன் ஐயா,” என்றார் இளைஞர். “விலையைக் குறைச்சால் கோடு மேல போகும். இண்டைக்கு நீங்கள் குறைக்கிறது விலையை இல்லை. காசு வாற மழையைத்தான்.”

“மழய நாங்க பாத்துக்கொள்றோம். நீங்க வெலயப் பாருங்க.”

அந்த இளைஞர் ஒன்றையும் மறைக்கவில்லை. இதை நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும். மழைமானியில் பெரிய மழை விழாமலே ஆறு பெருகலாம், தண்ணீர் மேல்மலையிலிருந்து வருவது, அதற்காகத்தான் கோட்டைக் கீழே வைத்தோம் என்றுகூடச் சொன்னார். அது கட்டுகஸ்தோட்டையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வியாபாரிகள். சாமான் எதுவென்று முடிவானபின் மிச்சம் இருப்பது விலைதான் என்று பழகியவர்கள். இங்கே விலையோடு சேர்ந்து சாமானும் மாறிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு சாமானை அவர்கள் அதற்குமுன் வாங்கியதில்லை.

ஹாஜியார் இன்னும் இரண்டு தடவை வாளிகளுக்கு நடுவில் போய் நின்றார். ஒவ்வொரு தடவையும் அந்த இளைஞர் கணினியைத் தட்டினார். விலை இறங்கியது, கோடு ஏறியது. மேல்வீதிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் புஷ்பம் எழுந்தாள்.

“ஹாஜியார், ஒரு வார்த்த சொல்லிக்கிறேன். கோடு மொதல்ல இருந்த எடத்துலயே இருக்கட்டுங்க. கூடக் கட்டுறதுன்னா நான் கட்டிக்கிறேன்.”

பேரத்தின் நடுவில், எதிராளியின் முகத்துக்கு நேரே, எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கூடத் தருகிறேன் என்று சொன்னால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். காட்டிக்கொடுப்பது.

டைல் கடைக்காரர் திரும்பாமலே சொன்னார். “இதென்ன ஏலமா? புஷ்பக்கா மழக்கி ஏலம் கேக்கிற.”

சிரித்தார்கள். சந்துக்காரர்களிலும் சிலர் சிரித்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஹாஜியார் சிரிக்கவில்லை. சட்டம் உடைந்த கோபம் அவர் முகத்தில் தெரிந்தது.

“புள்ள, இரிங்க. எல்லாருக்கும் சேத்துத்தான் பேசுற.”

“எல்லாருக்கும் தண்ணி வராதுங்களே,” என்றாள் அவள். பிறகு உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் தேநீர் இடைவேளை கேட்டேன். ஹாஜியாரை ஒதுக்கிக் கூட்டிப்போய், சந்தை வேறு குழுவாகப் பிரித்தால் என்ன என்றேன். அவருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இளைஞரிடம் கேட்டேன். ஆள் குறைவு, கம்பனி ஏற்காது, தான் கேட்டுப் பார்க்க ஒரு மாதமாவது வேண்டும் என்றார். எங்கள் பணிப்பாளருக்கு ஃபோன் எடுத்தேன். அவர் கண்டி ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு ஹோட்டலில் இருந்தார். வெளிநாட்டில் நடக்கும் காலநிலை மாநாட்டுக்குப் போகும் குழு அந்த வாரம் கண்டிக்கு வருகிறது. காலநிலை மாற்றத்துக்குத் தனியார்துறை எப்படிப் பதிலளிக்கிறது என்பதற்கு அவர்களுக்கு ஓர் உதாரணம் தேவை. அந்த உதாரணம் நாங்கள்தான்.

“ஒரு மாசமா? அவங்க போய் வந்துருவாங்க,” என்றார் பணிப்பாளர். “எத்தனை பேர் எதிர்க்கிறாங்க?”

“ஒருத்தர்.”

“ஒருத்தர்தானே.”

அன்றைக்கே கையெழுத்தானது. படம் எடுக்கும்போது, பெண் ஒருவர் முன்னால் இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். அங்கே இருந்த ஒரே பெண் புஷ்பம். படிக்கட்டிலிருந்து கூட்டி வந்து நடுவில் நிறுத்தினார்கள். உங்களுக்குக் காட்டும் படத்தில் ஹாஜியாருக்குப் பக்கத்தில், நீலச் சேலையில், சிரிக்காமல் நிற்பவள் அவள்தான். விலையைப் பாதிக்குமேல் இறக்கிய சந்தோஷத்தில் ஹாஜியார் எல்லோருக்கும் புரியாணி போட்டார். அவளும் சாப்பிட்டுத்தான் போனாள்.

அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் வந்தது.

கட்டுகஸ்தோட்டையில் முதல் நாள் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது, அன்றைக்குத் தூறல்தான். பிள்ளைகள் குடையை விரிக்காமலே பாடசாலைக்குப் போனார்கள். மேல்மலையில் நாட்கணக்காகப் பெய்திருந்தது. காலையில் சந்தின் கானில் தண்ணீர் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. மத்தியானம் ஆற்றுக்கும் சந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது புஷ்பம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாடிக்கையாளர்கள் அரைக்கக் கொடுத்த மிளகாய்ப் பைகளையும் குரக்கன் தானிய டின்களையும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“மோட்டார்?” என்றேன்.

“அத எப்படிண்ணே தூக்குறது? இதாவது அடுத்தவங்க சாமான்.”

எல்லாப் பைகளும் பரணுக்குப் போகவில்லை. தண்ணீர் வடிந்தபோது மில்லில் தேங்கிய சேறு சிவப்பாக இருந்தது. அரைத்த மிளகாய்த் தூள் கலந்த சேறு. அதை அள்ளியவர்களுக்குக் கால் எரிந்தது, கை எரிந்தது, கண்ணைத் துடைத்தால் கண்ணும் எரிந்தது. இரண்டு மோட்டாரும் போய்விட்டன.

பாடசாலைக் கூரையில் இருந்த மழைமானி சரியாகவே வேலை செய்தது. அன்றைய தூறலைத் துல்லியமாகப் பதிந்திருந்தது. முதலில் வைத்த கோட்டைத் தாண்டியிருந்ததா என்று அந்த இளைஞரிடம் ஃபோனில் கேட்டேன். அவர் கணினியைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அதுக்கு முதல் நாள் தாண்டியிருக்கு அண்ணை. மட்டுமட்டாத் தாண்டியிருக்கு. நீங்கள் கடைசியா ஒத்துக்கொண்ட கோட்டுக்குக் கிட்டவும் வரேல்லை.”

இதைச் சொல்ல ஹாஜியாரின் கடைக்குப் போனேன். கொழும்புக்கு ஃபோன் எடுத்துக் கத்துவார், வழக்கு என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கவுன்டரில் இருந்தார். கடைக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு மேசையில் கிடந்த ஒரு குழாயை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“நாங்க கேட்ட வெலக்கி,” என்றார். குழாயை மேசையில் வைத்தார்.

அன்று பின்னேரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கடையிலிருந்து மண்வெட்டியோடு சந்துக்கு இறங்கினார். புஷ்பத்தின் மில்லுக்குள் செருப்பில்லாமல் போனார். “ஹாஜியார், கால் எரியும், வெளிய வாங்க” என்று அவள் சொன்னாள். அவர் வரவில்லை. இருட்டும்வரை அள்ளினார். மறுநாள் அவருடைய பாதம் வீங்கியிருந்தது.

எங்கள் நிறுவனம் அரிசியும் பருப்பும் பார்சல் கட்டிக் கொடுத்தது. மாநாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். கண்டி உதாரணத்துக்கு நல்ல வரவேற்பாம். இங்கே நடந்ததை அறிக்கையில் எழுதினேன். பணிப்பாளர் அதைத் திருத்தி, “கற்றுக்கொண்ட பாடங்கள்” என்ற தலைப்புக்குக் கீழே வைத்தார். வேறோர் இடத்தில் எழுதியிருந்தால் குற்றச்சாட்டாக இருந்திருக்கும். அந்தத் தலைப்புக்குக் கீழே வந்ததும் அதுவும் எங்கள் வெற்றிகளில் ஒன்றாகிவிட்டது. உங்களிடமும் அந்தத் தலைப்பு வரும். அதற்குக் கீழே என்ன போகிறது என்று பாருங்கள்.

வருட முடிவில் திட்டத்தைப் புதுப்பிக்கும் கூட்டம். அதே மாடி, அதே இளைஞர். புஷ்பம் இல்லை. அவள் மில்லை மூடிவிட்டாள், கடை இல்லாதவர் சங்கத்தில் இல்லை. சந்துக்காரர்களில் இன்னும் கடை திறந்திருந்தவர்கள் படிக்கட்டுப் பக்கம் இருந்தார்கள். முன்னைவிட ஆள் குறைவு.

ஹாஜியார் இளைஞரைப் பேசவிடவில்லை. “கோட்டக் கீழ எறக்குங்க,” என்றார். “மொதல்ல சென்ன எடத்துக்கே எறக்குங்க. வெலய நீங்க செல்லுங்க.”

இளைஞர் விலையைச் சொன்னார்.

“சரி,” என்றார் ஹாஜியார்.

டைல் கடைக்காரர் கதிரையைப் பின்னுக்கு நகர்த்தினார். “ஹாஜியார், மொத வெலக்கே சரி செல்றீங்களா? அதுவும் ஒரு சதம் தராத சாமானுக்கு?”

“அந்தக் கோட்ட மேல ஏத்தின நாங்கதானே.”

“ஏத்தின நீங்க,” என்றார் டைல் கடைக்காரர்.

இரண்டாவது வாய் திறந்துவிட்டது. அதன்பின் மூன்றாவது, நான்காவது. கட்டின காசு ஆற்றோடு போயிற்று என்றார் ஒருவர். தண்ணீர் வராத கடைக்காரன் ஏன் கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். ஹாஜியாருக்கு வயது போய்விட்டது என்று யாரோ சிங்களத்தில் சொன்னார்கள். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. போன தடவை எழுந்து நின்றவளுக்கு என்ன நடந்தது என்று அவர்கள் பார்த்திருந்தார்கள்.

ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்தார். நிதானமாகப் படியிறங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். அதே வாளிகளுக்கு நடுவில், மாடியைப் பார்த்தபடி நின்றார். மேலே கை தூக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்ற பக்கம் பலமாக இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் திட்டம் அன்றோடு முடிந்தது. இளைஞர் கணினியை மூடிக்கொண்டு, போகும்போது கீழே நின்றவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

நானும் அந்த மாதத்தோடு விலகினேன். நீங்கள் விலக வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டில் உலை ஏற வேண்டும். ஆனால் கூட்டம் வைக்கும்போது ஒரே குரலில் பேசுங்கள் என்று ஆட்களைக் கெஞ்சாதீர்கள். நான் கெஞ்சியிருக்கிறேன். எப்போதும் அந்த ஒரே குரல் மேல்வீதியிலிருந்துதான் வந்தது. முதலில் தண்ணீர் யாருடைய வாசலுக்கு வரும் என்று கேளுங்கள். அவரை மேசையில் உட்காரவைத்துவிட்டுப் பிறகு விலையைப் பேசுங்கள். அதற்கு நேரமில்லை என்று ஃபோனில் சொல்வார்கள். மாநாடு ஒவ்வொரு வருடமும் நடக்கிறது என்று பதில் சொல்லுங்கள்.

போன மாதம் மலைப்பக்கம் அம்பிட்டியவில் ஒரு மில்லில் புஷ்பத்தைப் பார்த்தேன். வேறொருவரின் மில். கூலிக்கு நிற்கிறாள். தலையில் கட்டிய துணி முழுவதும் மா.

“இங்க தண்ணி வராதுண்ணே,” என்றாள். “மோட்டாரு என்னுது இல்ல, அவ்வளவுதான்.”

சங்கத்தில் என்ன நடந்தது என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தாள். நான் முழுவதும் சொன்னேன். தராசில் ஒருவருடைய மல்லியை நிறுத்துக்கொண்டே கேட்டாள்.

“கூடக் கட்டுறேன்னு ஹாஜியாரா சொன்னாரு?”

“அவர்தான்.”

“அப்பறம் எந்திரிச்சுப் போனாரா?”

“போனார். கீழ போய் நின்னார்.”

“கூப்பிட்டாங்களா?”

“இல்ல. யாரும் கூப்பிடல.”

அவள் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மல்லியைப் புனலில் கொட்டி மோட்டாரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் வேறொன்றும் பேச முடியவில்லை.